ஒற்றாடல்: செய்தி கேட்போர்க்கு ஓர் அதிகாரம்

முன்னுரை

திருக்குறளைப் பற்றி எழுதுங்கள் என்றால் நம்மவர்கள் அன்புடைமை, விருந்தோம்பல், கல்வி, நட்பு என்று நாலைந்து அதிகாரங்களோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒற்றாடல் பக்கம் போகிறவர்கள் குறைவு. "அது ராஜா காலத்து வேவுக்காரன் சமாச்சாரம், நமக்கு எதுக்குங்க?" என்று கேட்பார்கள். 59-ஆம் அதிகாரமாகிய அந்த ஒற்றாடல்தான் வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்றைக்கு மிகவும் வேண்டியது என்பது என் கட்சி.

காரணம் சொல்கிறேன். நாட்டை யார் ஆள வேண்டும் என்ற பேச்சு இப்போது வீட்டுக்குள்ளே வந்துவிட்டது. அப்பா ஒரு தலைவர், பிள்ளை ஒரு தலைவர், ஊரில் இருக்கும் சித்தப்பா மூன்றாவது தலைவர். இந்தப் பேச்சினாலேயே சம்பந்தி வீட்டார் இருவர் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போகாமல் நின்றுபோனதை நான் அறிவேன். கூர்ந்து கேட்டால் அந்தச் சண்டை தலைவரைப் பற்றியதாகக்கூட இல்லை. "நீ பார்க்கிற டிவி பொய், நான் படிக்கிற பேப்பர் நிஜம்" என்பதே சண்டை. செய்தியை நம்புவது எப்படி என்று தெரியாததனால் மனிதர்களை இழந்துகொண்டிருக்கிறோம்.

அடியேன் ஆரணிப் பக்கத்து நயினார் குடும்பத்தவன். பள்ளியோடு படிப்பு நின்றது. பெங்களூரில் அரிசி வியாபாரம். தமிழ் படித்ததெல்லாம் மண்டியில் கணக்கு மேசையின் மேல்தான். ஆகையால் புலவர்கள் பார்க்கும் கோணத்தோடு கடைக்காரன் கோணமும் இதில் கலந்திருக்கும். பொறுத்துக்கொள்ளவும்.

1. என்ன செய்வது, எப்படிச் செய்வது

ஊடகம் பற்றிய கூட்டம் என்றால் மேடையில் ஏறுகிறவர் எல்லோரும் அறிவுடைமை அதிகாரத்தின் மூன்றாம் குறளைச் சொல்வார்கள். சொன்னவர் யார் என்று பார்க்காமல் சொன்ன பொருளின் உண்மையைக் காண வேண்டும் என்பது அதன் கருத்து. கைதட்டல் விழும். வீட்டுக்குப் போய் அவரவர் டிவியை அவரவர் போட்டுக்கொள்வோம். அந்தக் குறள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. எப்படி என்று சொல்லவில்லை. டில்லியில் நடந்த ஒரு சங்கதியின் உண்மையை, பெங்களூரில் கடையில் உட்கார்ந்திருக்கிறவன் எப்படிக் காண்பான்?

எப்படி என்பதை வள்ளுவர் ஒற்றாடலில் வைத்திருக்கிறார். எட்டாம் குறள்: ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார். ஒன்பதாம் குறள்: ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி வைத்திரு, அப்படிப்பட்ட மூவர் சொல் ஒத்துவந்தால் நம்பு. நான்காம் குறள்: தன் வேலைக்காரர், தன் சுற்றத்தார், தனக்கு வேண்டாதவர் ஆகிய எல்லோரையும் ஆராய்வதே ஒற்று. பத்தாம் குறள்: ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே.

உரைகாரர்கள் இவற்றை அரசனுக்கு உரிய நீதியாகவே விளக்கிச் சென்றார்கள். அவர்கள் காலத்துக்கு அது சரி. இன்றைக்கு உரை எழுதுகிறவர்களும் அதே இடத்தில் நிற்பதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. வாக்குச் சீட்டு வந்த பிறகு மன்னன் யார்? நீங்களும் நானும்தான். அப்படியானால் ஒற்றாடலும் நமக்குச் சொன்னதுதானே?

"ஒற்றன் அரசனிடம் சம்பளம் வாங்குகிறவன், பத்திரிகைக்காரர் அப்படி இல்லையே" என்று ஒரு நண்பர் மறுத்தார். நல்ல மறுப்பு. ஆனால் அது என் கட்சியைத்தான் பலப்படுத்துகிறது. தானே சம்பளம் கொடுத்து வைத்த ஒற்றனைக்கூட இன்னொருவனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றால், வேறு யாரோ சம்பளம் கொடுக்கிற ஒற்றனை நாம் ஒற்றையாக நம்பலாமா?

2. லால்பாக், 1969

நம்ம ஊரிலேயே நடந்த ஒன்றைப் பார்ப்போம். லால்பாக் கண்ணாடி மாளிகைக்கு மலர்க் கண்காட்சி பார்க்கப் போகாத தமிழ்க் குடும்பம் இருக்காது. 1969 ஜூலையில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடியது அங்கேதான். கட்சித் தலைவர் கன்னட நாட்டு நிஜலிங்கப்பா. எதிரும் புதிருமாக நின்றவர்கள் பிரதமர் இந்திரா காந்தியும், 1964-லும் 1966-லும் பிரதமர் தேர்வை முன்னின்று நடத்திய நம் காமராஜரும். குடியரசுத் தலைவர் பதவிக்கு நீலம் சஞ்சீவ ரெட்டியை நிறுத்துவது என்று கட்சியின் பாராளுமன்றக் குழு பெரும்பான்மையாக முடிவெடுத்தது. பிரதமருக்கு அதில் உடன்பாடு இல்லை. அடுத்த வாரமே, ஜூலை 19 அன்று, 14 வங்கிகள் தேசியமயமாயின. ஆகஸ்டில் வி.வி. கிரி வென்றார். நவம்பரில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது.

இதே நிகழ்ச்சிகளை இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஒரு பக்கம்: ஏழைகளுக்காக நின்ற பிரதமரைப் பணக்காரர்களின் கையாட்கள் மடக்கப் பார்த்தார்கள். மறுபக்கம்: கட்சிக் கட்டுப்பாட்டை ஒருவர் தன் பதவிக்காக உடைத்தார். தமிழ்நாட்டில் தி.மு.க. கிரியை ஆதரித்தது, காமராஜர் ரெட்டியின் பக்கம். படிப்பவர்களும் அதன்படியே பிரிந்தார்கள்.

இதில் வேலை செய்தது வாதம் அல்ல, ஒரு பெயர். காமராஜர், நிஜலிங்கப்பா போன்றவர்களுக்கு 'சிண்டிகேட்' என்ற பெயரைப் பத்திரிகைகள் ஒட்டிவிட்டன. அந்தச் சொல்லைக் கேட்டதும் இருட்டறையில் கூடிச் சதி செய்யும் கூட்டம் கண்முன் வரும். அதே சமயம் இதே கர்நாடகத்தில் மணிப்பாலைத் தலைமையிடமாகக் கொண்ட சிண்டிகேட் வங்கியில் ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்கள் நம்பிப் பணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தேசியமயமான 14-ல் அதுவும் ஒன்று. 2020-ல்தான் கனரா வங்கியோடு இணைந்தது. ஒரே சொல், பாஸ்புக்கில் இருந்தால் நம்பிக்கை, தலைப்புச் செய்தியில் இருந்தால் வசவு.

அரிசி மூட்டையின் வாயில் இருக்கும் மணியைப் பார்த்து எந்த வியாபாரியும் விலை பேச மாட்டான். குத்தூசியை நடுவில் செருகி எடுத்துப் பார்ப்பான். தலைப்பும் பட்டப்பெயரும் மூட்டையின் வாய். பெயரை எடுத்துவிட்டு நடந்ததை மட்டும் படித்தால் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும்.

3. வெள்ளைத் தாளும் பெயர்ப் பட்டியலும்

செய்தியைத் திரிப்பது ஒரு வகை என்றால் செய்தியே வராமல் செய்வது இன்னொரு வகை. 1975 ஜூன் 25 இரவு அவசரநிலை வந்தது. டில்லியில் பத்திரிகை அலுவலகங்கள் இருந்த தெருவில் மின்சாரம் போயிற்று. மறுநாள் பாராளுமன்றக் குழு வேலையாகப் பெங்களூர் வந்திருந்த வாஜ்பாய், அத்வானி முதலானோர் இங்கேயே கைதாகி மத்திய சிறையில் வைக்கப்பட்டார்கள். அந்தச் சிறைதான் இன்றைய ஃபிரீடம் பார்க். ஜூன் 28 அன்று 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டது. எழுத்தே இல்லாத அந்த இடம் எழுதிய தலையங்கத்தைவிட அதிகம் சொன்னது.

தமிழில் இன்னும் நுட்பமான ஒன்று நடந்தது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, கட்சிக்காரர்கள் கைதானார்கள், யார் யார் என்று அச்சிட முடியாது. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்றைய 'முரசொலி', அண்ணா சதுக்கத்துக்கு மலரஞ்சலி செலுத்த வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியலைப் போட்டது. படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "கட்சிப் பத்திரிகை என்றால் பொய், நடுநிலைப் பத்திரிகை என்றால் மெய்" என்று பலர் சுலபமாக எண்ணுகிறார்கள். நடுநிலைக்காரர் பலர் வாய் மூடியிருந்தபோது, முகப்பில் தன் கொடியை மறைக்காத ஒரு கட்சி ஏடு ஒரு மெய்ச் செய்தியைக் கொண்டுவந்து சேர்த்தது. கட்சியின் நன்மையும் அதில் இருந்தது. செய்தியும் மெய்யாக இருந்தது. ஆகவே நம்பிக்கை என்பதைப் பத்திரிகையின் பெயருக்கு மொத்தமாக எழுதிக் கொடுக்கவும் கூடாது, மொத்தமாக மறுக்கவும் கூடாது. ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

அரசாங்கம் தன் சொந்த வானொலியை ஆட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. 1984 அக்டோபர் 31 காலை இந்திரா காந்தி சுடப்பட்டார். அகில இந்திய வானொலி மரணத்தை முறைப்படி அறிவித்தது மாலையில். அதற்கு முன்பே பிபிசி சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த மகன் ராஜீவ் காந்தியே டிரான்சிஸ்டரில் பிபிசியைக் கேட்டுத்தான் தெளிந்தார். ஆட்சியில் இருக்கும் குடும்பமே தன் வானொலியை விட்டு இரண்டாவது ஒற்றனைத் தேடியது.

4. மூவர் என்றால் உண்மையில் மூவரா?

2001 ஜூன் 30 பின்னிரவில் கலைஞர் கருணாநிதி கைது செய்யப்பட்டார். சன் டிவியில் ஒரு படம் ஓடியது: முதியவர் ஒருவரைப் போலீசார் இழுத்துச் செல்கிறார்கள். ஜெயா டிவியில் வேறு படம் ஓடியது: போலீசாரோடு கட்சிக்காரர்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். இங்கே பெங்களூரிலும் எந்த டிவி ஓடியதோ அந்த வீட்டில் அந்த உண்மை. இரண்டு படமும் அந்த ஒரே இரவில் எடுத்ததுதான். எங்கே தொடங்குவது, எங்கே வெட்டுவது என்பதில்தான் கட்சி இருந்தது. படம் பொய் சொல்லாது என்று நம்பிய தலைமுறைக்கு அது ஒரு பாடம்.

ஒன்பதாம் குறளில் உரைகாரர்கள் வேகமாகக் கடந்துபோகும் ஒரு நிபந்தனை இருக்கிறது. மூவர் சொன்னால் போதாது. அந்த மூவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்களாக இருக்க வேண்டும். 2016 டிசம்பர் 5 மாலை முதல்வர் ஜெயலலிதா மறைந்துவிட்டதாகத் தமிழ் டிவிகள் சில அடுத்தடுத்துச் சொல்லின. கட்சி அலுவலகத்தில் கொடி இறங்கியது. மருத்துவமனை மறுத்தது, கொடி மறுபடி ஏறியது. மரணம் அன்று இரவு 11.30 மணிக்கு நேர்ந்ததாகப் பிறகு அறிவிக்கப்பட்டது. மாலையில் சேனல் சேனலாக மாற்றிப் பார்த்தவர்கள் பல பேர் சொல்வதாக எண்ணினார்கள். ஒரு சேனல் சொன்னதை மற்றது எடுத்துச் சொன்னால் அது வள்ளுவர் கணக்கில் ஒருவர்தான்.

தேர்தல் கணிப்புகளும் அப்படியே. 2004-ல் பெரும்பாலானவை வாஜ்பாய் அணி முந்தும் என்றன. அமைந்தது மன்மோகன் சிங் அரசு. 2019-ல் பெரும்பாலும் சரியாக வந்தன. 2024 ஜூன் 1 மாலை பெரும்பாலான கணிப்புகள் ஆளும் அணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன. ஜூன் 4 அன்று வந்தது 293, அதில் பா.ஜ.க. 240. எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுவதைவிட, ஒருவரை ஒருவர் பார்க்காமல் சொன்னார்களா என்று கேட்பதே வள்ளுவர் காட்டும் வழி. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தி ஏழு குழுக்களில் வந்தால் ஏழு சாட்சி அல்ல. ஒரே சாட்சி ஏழு சட்டை மாற்றிக்கொண்டு வருகிறான்.

5. நயமும் துர்நயமும்

"அப்படின்னா எல்லோரும் பாதி சரி, பாதி தப்பு, எதையும் நம்பாதே என்கிறீர்களா?" என்று கேட்கலாம். இல்லை. எங்கள் சமண நூல்களில் அநேகாந்தம் என்பதை இப்படித்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு பொருளை ஒரு கோணத்திலிருந்து சொல்வது நயம். அது குற்றம் அல்ல; மனிதன் சொல்லக்கூடியது அவ்வளவுதான். அந்தக் கோணமே முழு உண்மை, மற்றது கிடையாது என்று அடிக்கிறபோது அது துர்நயம் ஆகிறது. கட்சிப் பத்திரிகை இருப்பது நயம். "எங்களைத் தவிர மற்றவன் எல்லாம் விலைபோனவன்" என்பது துர்நயம். இரண்டு கோணம் உண்டு என்பதால் இரண்டும் சம எடை என்று ஆகாது. நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். நிறுக்காமலே "எல்லாரும் திருடங்க" என்று எழுந்து போகிறவரும் உண்மையைத் தேடவில்லை.

எங்கள் பக்கத்து நூலையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நீலகேசி, பௌத்த நூலாகிய குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த சமண நூல். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-ல் பதிப்பித்தார். வாதத்தில் எதிராளியின் கட்சியை முதலில் எடுத்து வைத்துப் பிறகு மறுப்பது அதன் முறை. அது மெச்சத்தக்கது. ஆனால் இன்றைக்குக் குண்டலகேசி முழுதாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சின. தோற்றவர் தன் வாயால் சொன்னது போய், வென்றதாகச் சொல்கிறவர் எடுத்துக்காட்டியதைக் கொண்டு அவரை நாம் பெரிதும் அறிகிறோம். சமணனாக எனக்கு நீலகேசியில் பெருமை உண்டு. படிப்பவனாக, குண்டலகேசி கிடைக்காதது பெரும் நஷ்டம் என்பேன். எதிர்க்கட்சிப் பத்திரிகை மூடப்பட்டால் சந்தோஷப்படுகிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். அது போனால் நம்மைச் சரிபார்க்க வேறு ஆள் இல்லை.

6. தலைவரை எடை போடுதல்

தலைவரைப் பற்றிய நீதி தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் இருக்கிறது. குணத்தையும் பார், குற்றத்தையும் பார், எது மிகுதி என்று கண்டு முடிவு செய் என்கிறது நான்காம் குறள். இது ஐந்தொகை போடுகிற வேலை. பற்றுப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வரவை மட்டும் காட்டுகிற கணக்குப் பிள்ளையை யாராவது வைத்துக்கொள்வோமா? தலைவர் விஷயத்தில் மட்டும் அந்தக் கணக்குப் பிள்ளைதான் நமக்குப் பிடிக்கிறது.

அத்தனை ஆவேசமும் எதற்கு என்று வரலாறு கேட்கிறது. 1969-ல் இந்திராவை ஆதரித்த தி.மு.க. 1975-ல் எதிர்த்தது, 1980-ல் மறுபடி கூட்டணி. 1977-ல் ரேபரேலியில் தோற்ற இந்திரா 1978-ல் நம் சிக்மகளூரில் வென்றார். தோற்றவர் வீரேந்திர பாட்டீல், பெங்களூர் மாநாட்டின்போது முதலமைச்சராக இருந்தவர். அவரும் பின்னர் இந்திராவின் காங்கிரசில் சேர்ந்து, 1989-ல் மறுபடி முதலமைச்சர் ஆனார். தலைவர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். அவர்களுக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட பங்காளிகளில் எத்தனை பேர் மறுபடி பேசினார்கள்?

7. நமக்கு வாய்த்த இரண்டு ஒற்றர்

இனி நம் கதைக்கு வருகிறேன். 2016 செப்டம்பரில் காவிரி விவகாரம் மூண்டபோது, இங்கே ஒரு தமிழ் இளைஞர் அடிபட்ட படத்தைத் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அங்கே ஒரு கன்னடர் அடிபட்ட படத்தை இங்கே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இரண்டும் நடந்தவைதான். ஒவ்வொரு மாநிலமும் ஒரு பாதியை மட்டும் பார்த்தது. 12-ஆம் தேதி இங்கே தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. 1991 டிசம்பர் கலவரத்தையும் நம்மில் பலர் கண்ணால் பார்த்தவர்கள். அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஒரு கன்னடக் குடும்பம் எங்கள் பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போட்டது. அது எந்த ஊர்ப் பத்திரிகையிலும் வந்ததாக நான் பார்க்கவில்லை. செய்தியைத் தவறாக நம்புவதால் சென்னையில் இருக்கிறவருக்கு ஒரு வாக்குவாதம் போகலாம். நமக்குப் போவது கடையும் வீடும் பிள்ளைகளின் நிம்மதியும்.

ஆனால் இதே நிலைமையில் ஒரு பாக்கியமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இருக்கிறவருக்குக் கன்னடப் பத்திரிகை எட்டாது. இங்கே இருக்கும் கன்னட அன்பருக்குத் தமிழ்ப் பத்திரிகை எட்டாது. நம் வீட்டில் தாத்தா 'தினத்தந்தி' படிக்கிறார். பள்ளியில் கன்னடம் கற்ற பேத்தி 'பிரஜாவாணி' படிக்கிறாள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு ஒற்றர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்! அவர்களை ஒரு நாளாவது பக்கத்தில் வைத்துக் கேட்டிருக்கிறோமா? பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்பிப்பதற்கு மொழிப்பற்று ஒரு காரணம். இது இன்னொரு காரணம். தமிழ் படிக்கத் தெரியாத பேரனுக்கு ஒற்றன் ஒருவன்தான். கன்னடம் படிக்க மறுக்கும் தாத்தாவுக்கும் ஒருவன்தான்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இரண்டு பத்திரிகையும் ஒரே செய்தி நிறுவனத்திடம் வாங்கிப் போட்டிருந்தால் அது ஒரே ஒற்று. செய்தியின் தலையில் போட்டிருக்கும் நிறுவனப் பெயரையும் பார்க்கப் பழக வேண்டும்.

முடிவுரை

அல்சூரில் வள்ளுவர் சிலை 1991 முதல் 18 ஆண்டுகள் மூடியபடியே நின்றது. 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள். நாலு நாளில் சென்னையில் கன்னடக் கவி சர்வஞ்ஞர் சிலையும் திறந்தது. சிலையின் துணியை எடுத்துவிட்டோம். நூலில் நமக்கு வேண்டிய அதிகாரத்தை இன்னும் மூடியே வைத்திருக்கிறோம்.

தேர்வு செய்யாமல் நம்புவதும், நம்பியபின் சந்தேகப்படுவதும் தீராத துன்பம் என்று தெரிந்து தெளிதலின் கடைசிக் குறள் சொல்கிறது. அடுத்த முறை யாராவது வீட்டில் "உன் தலைவர் இப்படிச் செய்தாராமே" என்று ஆரம்பித்தால், கோபப்படுவதற்கு முன் "யார் சொன்னது, வேறு யார் சொன்னது, அந்த இருவரும் வேறு வேறு ஆளா?" என்று மூன்று கேள்வி கேட்போம். பதில் வருவதற்குள் காபி வந்துவிடும். பேச்சும் உறவும் நிற்காமல் தொடரும்.